நெஞ்சுக்கூட்டில் ஓர் இலைக்குருவி

நீலகிரிச் சரிவில், வெள்ளோடை எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுச் சனங்கள் தங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் குருவிகளை வைத்துப் பனிக்காலம் கடத்திய அந்த வருஷம், மற்ற வருஷங்களைப் போலத்தான் தொடங்கியது. ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்தது, கார்த்திகையில் மேகம் மலையை விட்டு இறங்கிப் போனது, வானம் துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளத்தது, அப்படிப் பளபளத்தால் உறைபனி வரப்போகிறது என்பதால் பெண்கள் பெட்டியிலிருந்த கம்பளிகளை எடுத்து வெயிலில் போட்டார்கள், ஆண்கள் விறகு பிளந்து சுவரோரம் அடுக்கினார்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே எப்போதும்போல இலைக்குருவிகள் வந்து சேர்ந்திருந்தன.

இலைக்குருவி என்பது லைன்காரர்கள் வைத்த பெயர். கொழுந்தின் நிறம், கண்ணுக்கு மேலே சாக்பீஸால் இழுத்தாற்போல ஒரு வெள்ளைக்கோடு, உள்ளங்கையில் வைத்தால் ஒரு பிடி கொழுந்தின் கனம்கூட இருக்காது. புரட்டாசியில் எங்கிருந்தோ வரும், சித்திரைக்கு முன்னால் எங்கேயோ போய்விடும். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முன்னால் செடிக்குச் செடி தாவிக்கொண்டே இருப்பதால், அதுவும் பேர் போட்டு வேலைக்கு வந்த ஒன்று என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் தவமணி தன் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து உண்டான பிள்ளை. டிஸ்பென்சரி நர்ஸ் எப்சிபா சிஸ்டர் ஒருநாள் இதயத் துடிப்புக் கேட்கிற குழாயின் இரண்டு முனையையும் தவமணியின் காதில் மாட்டி, மறுமுனையை அவள் வயிற்றில் அழுத்தி, "கேளு, ஒன் புள்ள ஓடுற ஓட்டத்த" என்றபோது, தகரக்கூரை மேல் பெருமழை பெய்வது போல அந்தச் சின்ன இதயம் அடித்ததை அவள் கேட்டிருந்தாள். எட்டாம் மாசம் அந்த மழை நின்றுபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் அவள் நினைவு தப்பிக் கிடந்தபோது, அவள் புருஷன் பிச்சமுத்து, ஃபேக்டரியில் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுகிறவன், பிள்ளையைத் தன் ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்து எஸ்டேட்டிலேயே எங்கோ அடக்கம் செய்தான். கண் விழித்தவள் எங்கே என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சோறு போடட்டுமா, தண்ணி வந்துருச்சா, கதவச் சாத்துங்க என்ற அளவில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

மார்கழி பிறந்ததும் பனி விழுந்தது. அப்படி ஒரு பனியைக் கிழவர்களும் கண்டதில்லை. தேயிலை ஒரே ராத்திரியில் நெருப்பு பட்டதுபோல் கருகியது, குழாய்த் தண்ணீர் கட்டியாகிக் குழாயைப் பிளந்தது, காலையில் செடிகளுக்கடியில் பழுத்த இலைகள் என்று பெண்கள் காலால் ஒதுக்கியவை எல்லாம் விறைத்துச் செத்த இலைக்குருவிகளாக இருந்தன.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. தவமணியின் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள், குழாயடியில் குடத்தை இறக்கிவிட்டுக் கொட்டாவி விட்டபோது ஒரு குருவி அவள் வாய்க்குள் புகுந்தது. தொண்டையில் கொஞ்சம் கூச்சம், பிறகு மார்புக்குள் ஏதோ இறகை உப்பிக்கொண்டு உட்காருகிற உணர்வு, பிறகு சூடான டீ கிளாஸை நெஞ்சோடு அணைத்ததுபோல ஓர் இளஞ்சூடு. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, விடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். சூரியன் ஏறிப் புல்லிலிருந்து ஆவி கிளம்பியதும் வாசலில் நின்று வாயைத் திறந்தாள். குருவி வெளியே வந்து, அவள் உதட்டில் ஒரு நொடி உட்கார்ந்து, இறகை உதறிக்கொண்டு இரை தேடிப் போனது.

அவள் சொன்னதைக் கேட்டவர்கள், "வலிச்சுதாக்கா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மறுநாள் பொழுது சாயும்போது லைன் முழுவதும் வாசலில் நின்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு ஒரு குருவி. முந்தினநாள் யாரிடம் போனதோ அவரிடமே மறுநாளும் வந்தது. குடித்திருந்தவர்களிடம் வரவில்லை. அப்படி வராமல் போன முதல் சாயங்காலம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் மறுநாள் சாராயக்கடைப் பக்கமே போகவில்லை, அதனால் கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டு அவனும் வாசலில் வந்து நின்றான். சண்டைகளை நாலரை மணிக்குள் முடித்துக்கொள்ள எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், முடியாத சண்டையை அப்படியே வைத்திருந்து, காலையில் குருவியை வெளியே விட்டதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி சாயரட்சைப் பூசையை மதியத்துக்கு மாற்றினார். மேல் டிவிஷன் சர்ச்சில் மாலை ஜெபத்தை வாயை மூடிக்கொண்டு முனகினார்கள். காலையில் பேர் கூப்பிடும்போது குருவி இன்னும் உள்ளே இருக்கிறவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதும் என்று ரெங்கசாமி மேஸ்திரி ஒத்துக்கொண்டார். இதெல்லாம் என்ன கூத்து என்று பார்க்க ஜீப்பில் வந்த மானேஜர், திரும்பும்போது ஒரு கையால் வாயைப் பொத்தி மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாக, மேடுபள்ளத்தில் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

தவமணி மட்டும் வாசலுக்கு வரவில்லை. அவளுக்கென்றும் ஒரு குருவி வந்திருந்தது. இரண்டு சாயங்காலம் அது ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து உள்ளே பார்த்தது, இரண்டு ராத்திரியும் அங்கேயே கழித்தது, மூன்றாம் சாயங்காலம் அதன் ஒரு கால் மடங்க மறுத்தது. பிச்சமுத்து தன் குருவி வருமுன் அவசரமாகச் சொன்னான்.

"தவமணி, அது நாளைக்கு இருக்காது. எனக்குள்ள விடலாம்னு பாத்தேன், வர மாட்டேங்குது. வாயத் தெற."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்காக வேணாம். அதுக்காக."

அவள் எழுந்து ஜன்னலருகே போய் வாயைத் திறந்தாள். ஈரமான குளிர்ந்த ஏதோ ஒன்று நாக்கைத் தொட்டு உள்ளே இறங்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் கை தானாக எழுந்து நெஞ்சின் மேல் போய் நின்றது. தன் இதயம் அடித்த அடிக்குப் பக்கத்தில் இன்னொன்று, தகரக்கூரை மேல் பெய்கிற மழையாக, ஓடு ஓடென்று ஓடிக்கொண்டிருந்தது. பிச்சமுத்து அதற்குள் தன் குருவியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்ததால் என்ன ஆச்சு என்று கேட்க முடியாமல், கண்ணீர் வழிய வழிய மனைவி சிரிப்பதைப் பார்த்தபடி நின்றான்.

அதற்குப் பிறகு தவமணி சாப்பிட்டாள், குளித்தாள், தலை பின்னினாள், கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பகலெல்லாம் அவள் கண் கொழுந்தில் பாதி, குருவியில் பாதி. அது ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. இலைக்கு அடியில் தொங்கி, கிளைக்கு மேலே தாவி, கண்ணுக்கே தெரியாத பூச்சிகளைக் கொத்திக் கொத்தி, சாயங்காலம் உருண்டையாக வந்து அவளுக்குள் இறங்கும், விடியும்போது உண்டதெல்லாம் சூடாக எரிந்து தீர்ந்து நூல்போல மெலிந்து வெளியே வரும். ஒரு பகல் தின்றால் ஒரு ராத்திரி உயிர், அவ்வளவுதான் அதன் கையிருப்பு என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் கருகாத செடிகள் எங்கே என்று தேடிப்போய் அந்தச் செடி வரிசையை, அந்த நிரையையே தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எப்சிபா சிஸ்டர் ஒருநாள் காலை, குருவி வெளியே போகுமுன் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு காதிலிருந்து எடுத்தார்.

"எண்ணவே முடியலம்மா," என்றார். "எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல காஷ்மீர்ப் பக்கம் இருந்தப்ப கோடையில இதப் பாத்திருக்காராம். அங்கதான் கூடு கட்டுமாம், குஞ்சு பொரிக்குமாம். பனி மூடுறதுக்குள்ள கெளம்பி, காடு, ஆறு, ஊரு, சமவெளி எல்லாம் தாண்டி, ராத்திரி ராத்திரியா பறந்து இங்க வருமாம். இத்துனூண்டு. வழி யாரு சொல்லிக் குடுத்தா? அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்."

"திரும்பிப் போயிருமா சிஸ்டர்?" என்று தவமணி கண்ணால் கேட்டாள், வாய் மூடியிருந்ததால்.

"போகணும்ல? அதுக்கு அங்க வீடு இருக்கு."

பிச்சமுத்துவின் அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி இந்த மலைக்கு வந்தவர்கள். சாகும்வரை திரும்பிப் போகிற பேச்சாகவே பேசியும், போகாமலே அதே சரிவில் புதைந்தவர்கள். அன்று மதியம் தவமணி சிஸ்டர் சொன்னதை அவனிடம் சொன்னபோது அவன், "நம்ம சனத்துக்குத்தான் வந்தா வந்ததுதான்" என்று மட்டும் சொன்னான். அவள் அதைத் தன் குருவிக்கும் பொருத்திக்கொண்டாள்.

தை போனது, மாசியில் பனி விட்டது, ஆனாலும் குருவிகள் நெஞ்சுக்குள் வருவதை விடவில்லை, யாரும் விடச் சொல்லவுமில்லை. பங்குனியில் அவை கொழுத்தன. வெள்ளைப் புருவம் பளிச்சென்றானது. ராத்திரிகளில் உள்ளே சிறகு அடித்துக்கொண்டன. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த அந்தச் சனங்கள், கிழக்கிலும் தெற்கிலும் தலை வைத்துப் படுத்தவர்கள், காலையில் கண் விழிக்கும்போது ஒருவர் பாக்கியில்லாமல் வடக்கே தலை திரும்பிக் கிடந்தார்கள். பாயை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், கட்டிலைச் சுவரோடு கட்டிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். வடக்கே பார்த்துக்கொண்டிருக்கையில் பார்த்தே இராத ஊர்களின் நினைப்பு வந்ததாக ஞானசௌந்தரி சொன்னாள். "வெள்ளையா ஒரு மரம், பட்ட உரிஞ்ச மரம், அதுக்கடியில தண்ணி ஓடுற ஓட. நான் அங்க போனதே இல்ல, ஆனா எனக்கு அங்க யாரோ காத்திருக்காப்புல இருக்கு." எல்லோருக்கும் அப்படியே இருந்தது.

தவமணிக்கும் அந்த மரம் வந்தது. அவள் தலையை உதறி அதை விலக்கினாள்.

ஒருநாள் காலை, லைன் வாசலில் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். குருவிகள் அன்று தேயிலைக்குள் இறங்கவில்லை. உதட்டில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே, சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன. பகல் முழுக்க அங்கேயே இருந்தன. பொழுது சாய்ந்ததும் மரங்களே எழுந்து போவது போலக் கிளம்பிப் போய்விட்டன. அன்று சாயங்காலம் வெகுநேரம்வரை சனங்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். சாராயக்கடைக்காரன் சின்னப்பிள்ளையாக அழுதான். மேஸ்திரி, "சரி, சரி, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தான் போகாமல் நின்றார்.

தவமணி அன்று காலை வாயைத் திறக்கவேயில்லை. தலையில் கட்டுகிற கம்பளித் துணியை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஞானசௌந்தரி கெஞ்சினாள், பிறகு திட்டினாள். "எங்களுக்கு மட்டும் நெஞ்சு வலிக்கலியா புள்ள? இருட்டுனதுலேருந்து கைய வச்சுப் பாக்குறேன், வெறுங்கூடா இருக்கு. ஆனா அது சாமான் இல்லடி, பூட்டி வக்கிறதுக்கு." தவமணி தலையைக்கூட அசைக்கவில்லை. வாய் திறக்க வேண்டுமென்பதால் அவள் கஞ்சியும் குடிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மறுநாள் எப்சிபா சிஸ்டர் வந்து குழாயை வைத்துக் கேட்டார். பிச்சமுத்துவை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அன்னிக்கு எண்ண முடியாத அடிப்பு, இப்ப எண்ண முடியுது," என்றார். "அது பசியில கெடக்கு. இன்னிக்கிப் பொழுதுக்குள்ள விடலைன்னா, மறுபடியும் அவளுக்குள்ளயே ஒண்ணு நின்னு போயிரும். அத அவ தாங்க மாட்டா."

பிச்சமுத்து உள்ளே வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். விறகு போட்டுப் போட்டுக் கருத்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினான். வாயைத் திறந்தால் குருவி போய்விடும் என்பதால் அவளால் அவனைத் தடுக்க முடியவில்லை.

"பொம்பளப் புள்ள," என்றான்.

அவள் காதைப் பொத்தினாள். அவன் நிறுத்தவில்லை.

"முடி நெறைய இருந்துச்சு. ஈரமா நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. நர்ஸம்மா தொடச்சுக் குடுத்தாங்க. மூக்கு ஒன்னோடது. காது எங்க அம்மாவோட காது, மேல மடங்குன மாதிரி. பஸ்ஸுல வரையில மடியில வச்சிருந்தேன். பக்கத்துல இருந்த ஆளு, 'கொழந்த நல்லாத் தூங்குதே'ன்னாரு. ஆமாங்கன்னேன். எறங்குற வரைக்கும் ஆட்டிக்கிட்டே வந்தேன் தவமணி. தூங்குற புள்ளைய ஆட்டுவாங்கல்ல, அப்புடி. என்னால அத நிறுத்த முடியல."

காதைப் பொத்தியிருந்த அவள் கைகள் இறங்கின.

"வெரலு," என்றான். "வெரலு எல்லாம் சரியா இருந்துச்சு. நகங்கூட இருந்துச்சு. நீ கேப்ப, சொல்லணும்னு எல்லாத்தையும் பாத்து வச்சுக்கிட்டேன். நீ கேக்கவே இல்ல."

அவளுடைய அடிவயிற்றிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. மழைக்காலத்திலிருந்து அங்கேயே கிடந்தது. பல்லைக் கடித்து அதை அவள் அடக்கியிருக்க முடியும், ஒரு நொடி அடக்கியும் வைத்திருந்தாள். உள்ளே அந்தச் சின்ன அடிப்பு தயங்கித் தயங்கி, ஒன்று, பிறகு ஒன்று என்று கேட்டது. அவள் கம்பளித் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு வாயைத் திறந்து அலறினாள். லைனில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்ட அந்த அலறலோடு குருவி வெளியே வந்து பிச்சமுத்துவின் மடியில் விழுந்தது.

அதற்குப் பறக்கத் தெம்பில்லை. இருவரும் அதை ஏந்திக்கொண்டு தேயிலைக்குள் போனார்கள். அவன் கிளையைத் தாழ்த்திப் பிடிக்க, அவள் உள்ளங்கையை இலைக்கு அடியில் நீட்ட, அது முதல் பூச்சியைக் கொத்த வெகுநேரமானது. இரண்டாவதுக்கு அவ்வளவு நேரமாகவில்லை. மதியம் தாண்டுகையில் அது தானாகத் தாவியது. வேலைக்குப் போயிருந்த பெண்கள் நிரையை விட்டு வந்து, பூச்சி மொய்க்கிற செடி எது என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.  ஞானசௌந்தரி மட்டும் ஒரு சொம்பு கஞ்சியைக் கொண்டுவந்து வைத்து, அவள் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

பொழுது சாய்ந்தது. குருவி பறந்து வந்து தவமணியின் தோளில் உட்கார்ந்தது. அங்கிருந்து கன்னத்தருகே நகர்ந்து, பழக்கப்படி அவள் உதட்டருகே வந்து நின்றது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அது அலகால் மெல்ல அவள் உதட்டைத் தட்டியது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் நின்றது. மறுபடியும் தட்டியது. அவள் உதடுகளை உள்மடித்துக் கடித்துக்கொண்டாள். மூக்கால் மட்டும் மூச்சுவிட்டாள். கண்ணிலிருந்து இறங்கிய நீர் உதட்டோரம் வந்தபோது குருவி அதில் ஒரு துளியைக் குடித்தது. ஒருமுறை உள்ளே விட்டால் மறுமுறை தன்னால் வெளியே விட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிச்சமுத்து வேறெங்கோ பார்த்தான், அவனால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் முறை தட்டிவிட்டு அது தலையைத் திருப்பியது. ஆட்கள் தூக்கத்தில் திரும்பியது போல அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, வடக்கே பார்த்து நின்றது. பிறகு எழும்பியது. சில்வர் ஓக் மரத்துக்கு மேலே வந்ததும் ஒரு புள்ளி, மலை விளிம்பைத் தாண்டும்போது அதுவும் இல்லை. கூட்டமெல்லாம் முன்னே போய்விட்ட வழியில், ஒரு பிடி கொழுந்தின் கனம்கூட இல்லாத ஒன்று தனியாகப் போனது. அது போய்ச் சேர்ந்ததா என்று அந்த மலையில் யாருக்கும் தெரியாது.

நன்றாக இருட்டும்வரை தவமணி உதட்டைக் கடித்தபடியே நின்றாள். பிறகு விட்டாள். கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"என்னங்க," என்றாள்.

"ம்."

"புள்ளைய எங்க வச்சீங்க?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைக்கு நடுவே, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்க முடிகிற பாதையில், அவன் முன்னாலும் அவள் பின்னாலுமாக, கையை விடாமல் ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்கள்.